நூலில் தொங்கும் மணி, தராசில் 45 கிராம்: எங்கே தவறு?

அரைகுறை ஆய்வாளர்:
வீட்டில் ஒரு சிறிய மணி இருக்கிறது. நாக்கு எப்போதோ விழுந்துவிட்டது. அது பித்தளையா வெண்கலமா என்று ஒரு வாக்குவாதம். அடர்த்தியை அளந்து முடித்துவைக்கலாம் என்று இறங்கினேன்.

சமையலறை டிஜிட்டல் தராசில் மணி 172 கிராம். அப்புறம் நேரான சுவருள்ள கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினேன். மணியின் காதில் நூல் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையில் பிடித்தேன். தராசு 45 காட்டியது. அப்படியானால் மணியின் பருமன் 45 கன செ.மீ., அடர்த்தி 172/45, அதாவது 3.8. பித்தளை 8-க்கு மேல் வர வேண்டும். அலுமினியமே 2.7. மூன்று முறை செய்தும் 44, 45, 45.

இன்னொரு குழப்பமும் உண்டு. மணியை நூல்தான் தாங்குகிறது, ஜாடியை அது தொடவே இல்லை. பிறகு தராசு ஏன் ஏறுகிறது? முறையைப் படித்துச் செய்துவிட்டேன், காரணம் மண்டையில் ஏறவில்லை.

கடல்மட்டம்:
ரொம்ப ஆழத்தில் பிடித்திருப்பீர்கள். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும், மிதப்பு விசையும் கூடும். மேலாக வைத்து அளந்து பாருங்கள்.

தராசுத்தட்டு:
முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. ஆழம் கூடினால் பொருளின் அடியில் அழுத்தம் கூடுவது உண்மை. ஆனால் அதன் உச்சியிலும் அதே அளவு கூடுகிறதே! மிதப்பு விசை என்பது அடிக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசம்தான். பொருளின் உயரம் மாறாதவரை அந்த வித்தியாசமும் மாறாது. முழுகிய பிறகு ஒரு விரற்கடை ஆழமோ ஒரு முழ ஆழமோ, விசை ஒன்றுதான்.

அரைகுறை ஆய்வாளர்:
இரண்டு விதமாகவும் பார்த்தேன். மேலே 45, கீழே 45.

தராசுத்தட்டு:
சரி, ஒரு கேள்வி. காதில் நூல் கட்டினால் மணியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கும்?

அரைகுறை ஆய்வாளர்:
கீழே... ஐயோ. காற்று!

தராசுத்தட்டு:
அதேதான். வாயைக் கவிழ்த்து நேராக இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. நீங்கள் அளந்தது உலோகம், அடைபட்ட காற்று இரண்டின் மொத்தப் பருமன். தண்ணீருக்குள் மணியைச் சாய்த்துக் காற்றை விட்டுவிட்டு, மறுபடி தொங்கவிட்டு அளங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழிகளையும் தட்டிவிடுங்கள்.

அந்தக் காற்று ஆழம் போகப் போகச் சற்றே சுருங்கும் என்பது உண்மை. 10 மீட்டர் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். அந்தக் கணக்கில் 10 செ.மீ. ஆழத்துக்குக் காற்றின் பருமன் நூற்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் தராசுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், ஆழத்தில் விசை குறைந்திருக்குமே தவிரக் கூடியிருக்காது.

அரைகுறை ஆய்வாளர்:
பெரிய குமிழி ஒன்று ‘குபுக்’ என்று வந்தது. இப்போது தராசில் 20. 172/20 என்றால் 8.6. அப்பாடா! ஒரு தடவை மட்டும் 64 காட்டியது. கை தளர்ந்து மணி அடியில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீர்க்கணக்கு:
ஆமாம், அடியைத் தொட்டால் நூல் விட்ட பாரத்தை ஜாடி வாங்கிக்கொள்ளும். நூலை முழுக்கத் தளரவிட்டால் 172 காட்டும். இடைப்பட்ட எந்த எண் வந்தாலும் அதைக் குப்பையில் போடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தண்ணீர் மணியை 20 கிராம் எடைக்கு ஈடாக மேலே தள்ளுகிறது என்றால், மணியும் தண்ணீரை அதே அளவு கீழே தள்ளியாக வேண்டும். நூலில் மிச்சம் இருப்பது 152 கிராம் பாரம். சுருள்வில் தராசு இருந்தால் நூலை அதில் மாட்டிப் பாருங்கள், அதையே காட்டும். பாரம் எங்கும் காணாமல் போகவில்லை, இரண்டு இடங்களில் பிரிந்திருக்கிறது.

‘சரி, மணிதான் ஜாடியைத் தொடவில்லையே, அந்த 20 எப்படி அடிக்குப் போய்ச் சேர்கிறது?’ என்றால், நீர்மட்டம் வழியாக. மணி இறங்கியதும் மட்டம் உயர்கிறது. உங்கள் ஜாடியின் உள் அடிப்பரப்பு 80 சதுர செ.மீ. என்று வையுங்கள். 20 கன செ.மீ. இடம்பெயர்ந்தால் மட்டம் கால் செ.மீ. உயரும். அடியில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் கூடுதலாகக் கால் கிராம் எடை அழுத்தும். 80 மடங்கு கால், இருபது. ஜாடி மேலே விரிந்ததாக இருந்தால் அடிப்பரப்புக் கணக்கு மட்டும் போதாது, மீதியைச் சாய்ந்த சுவர்கள் தாங்கும். தராசு காட்டும் மொத்தம் மாறாது.

விளிம்புவரை நிரப்பிய ஜாடியில் இதைச் செய்து, வழியும் நீர் தராசுக்கு வெளியே விழுந்தால் எண் அசையாது. மட்டம் உயரவில்லையே!

அரைகுறை ஆய்வாளர்:
இப்போது புரிகிறது. அப்படியானால் 8.6, பித்தளை என்று சொல்லிவிடலாமா?

தராசுத்தட்டு:
அவசரப்படாதீர்கள். உங்கள் தராசு ஒரு கிராம் படியில் காட்டுவது. அந்த 20 உண்மையில் 19.5 ஆகவும் இருக்கலாம், 20.5 ஆகவும் இருக்கலாம். விடை 8.8-லிருந்து 8.4 வரை எங்கும் விழும். பித்தளை கலவையைப் பொறுத்து 8.4 முதல் 8.7 வரை, வெண்கலம் பெரும்பாலும் 8.7, 8.8 பக்கம். இரும்பு 7.9-க்குக் கீழே, அதனால் மஞ்சள் பூசிய இரும்பு இல்லை என்பது மட்டும் உறுதி. 0.1 கிராம் காட்டும் தராசு கிடைத்தால் சந்தேகம் நன்றாகக் குறுகும். அப்போது தண்ணீரின் வெப்பநிலையையும் பாருங்கள், 30 டிகிரியில் அதன் அடர்த்தி 0.996 தான். இரண்டு உலோகங்களின் எல்லைகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்பதால், 8.7-ல் வந்து நின்றால் அப்போதும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அரைகுறை ஆய்வாளர்:
வாக்குவாதம் தொடரும் போலிருக்கிறது. நகை எடைபோடும் சின்னத் தராசு ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். அது ஜாடியைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நீர்க்கணக்கு:
தாங்காவிட்டால் மணியை அந்தத் தராசின் அடிக் கொக்கியில் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள், ஜாடி தரையில் இருக்கட்டும். கொக்கி இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். அப்போது எண் ஏறாது, 172-லிருந்து இறங்கும். குறைந்த அளவுதான் உங்களுக்கு வேண்டியது.