கருப்புத் தடத்தில் விழவில்லை, நீலத் தடத்தில் விழுந்தேன்: கடினத் தரங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

வினா:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். வழக்கமாகச் செல்லும் பூங்காவில் கடினமானது என்று கருப்புச் சாய்சதுரக் குறியிட்ட தடம் ஒன்றில் பலமுறை விழாமல் இறங்கியிருக்கிறேன். சென்ற மாதம் வேறோர் இடத்தில், அதைவிட எளிதான நீலச் சதுரம்தானே என்று நம்பி இறங்கிய தடத்தில், வேர்கள் பின்னிக் கிடந்த ஒரு திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கித் தோளில் அடிபட்டது. அதன்பின் தரங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிகுந்தது. ஓரிடத்தில் பச்சை, நீலம், கருப்பு என்கிறார்கள். பிரிட்டனில் நீலத்துக்கும் கருப்புக்கும் இடையே சிவப்பு வருகிறது. ஜெர்மன் வரைபடங்களிலோ எளிதிலிருந்து கடினம் வரை எஸ்0 முதல் எஸ்5 வரை எண்கள் இருக்கின்றன. சிவப்பு என்பது எஸ்2-க்கு நிகரா? நீலம் என்பது எங்கும் ஒரே நீலமா? ஒரு தடத்தின் தரம் உண்மையில் எதை அளக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

தோள் விரைவில் குணமாகட்டும். வட்டம், சதுரம், சாய்சதுரம் ஆகிய குறிகள் பனிச்சறுக்குத் தளங்களிலிருந்து வந்தவை. இம்பா எனப்படும் பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் அவற்றை நம் தடங்களுக்கேற்ப மாற்றி, வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்புச் சாய்சதுரம், இரட்டைக் கருப்புச் சாய்சதுரம் என எளிதிலிருந்து கடினம் வரை ஐந்து படிகளாக வகுத்தது. தடத்தின் அகலம், தரையின் உறுதி, சராசரிச் சரிவு, உச்சச் சரிவு, தவிர்க்க முடியாத தடைகளின் உயரம் ஆகியவற்றை அளந்தே படி முடிவாகிறது. பச்சைத் தடத்துக்குக் குறைந்தது 36 அங்குல அகலம் வேண்டும். நீலத்துக்கு 24, கருப்புக்கு 12 போதும். விலகிச் செல்ல வழியில்லாத கல்லோ வேரோ பச்சையில் 2 அங்குலத்தையும், நீலத்தில் 8 அங்குலத்தையும், கருப்பில் 15 அங்குலத்தையும் தாண்டக் கூடாது.

"தவிர்க்க முடியாத" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓரமாகச் சுற்றிப் போக வழி இருக்குமானால், 2 அங்குலத்தைவிடப் பெரிய பாறையும் பச்சைத் தடத்தில் இருக்கலாம். இன்னொன்று, இம்முறை ஓட்டுத் திறனுக்கான சவாலை மட்டுமே மதிப்பிடுகிறது. மூச்சு வாங்கும் ஏற்றமும் நெடுந்தொலைவும் இதில் சேரா. மேலும், ஒரு தடத்தை அவ்வட்டாரத்தின் பிற தடங்களோடு ஒப்பிட்டே தரமிட வேண்டும் என்று அச்சங்கமே சொல்கிறது. ஆகவே, பாறை மிகுந்த வட்டாரத்தின் நீலமும் மென்மண் வட்டாரத்தின் நீலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மறுமொழி 2:

எஸ் எண்களைப் பற்றி நான் சொல்கிறேன். எஸ்0-இல் குறிப்பிடத்தக்க தடை எதுவும் இல்லை. எஸ்1-இல் சிறு வேர்களும் கற்களும் வரும். எஸ்2-இல் உதிரிக் கற்களும் படிகளும் தொடங்கும். எஸ்3-இல் பெரும் பாறைகளும் குறுகிய கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கும். அதற்கு மேலுள்ள இரண்டும் மிகச் சிலருக்கே உரியவை.

இம்முறையில் எஸ்1-க்குச் சரிவு 40 விழுக்காடு வரை, எஸ்2-க்கு 70 விழுக்காடு வரை என்று படித்துவிட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். விழுக்காடு வேறு, பாகை வேறு. 100 விழுக்காடு என்பது 45 பாகை. 70 விழுக்காடு ஏறத்தாழ 35 பாகை. 40 விழுக்காடு ஏறத்தாழ 22 பாகை. அதோடு, இது தடத்தின் செங்குத்தான சிறு பகுதிகளைக் குறிக்கிறது. நீலத் தடத்துக்கு இம்பா சொல்லும் 10 விழுக்காடோ முழு நீளத்தின் சராசரி. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பிழையாகும்.

சிவப்பை எஸ்2 என்று எழுதி வைத்திருக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளை நான் நம்புவதில்லை. பிரிட்டனின் வனத் தடங்களில் சிவப்பு என்பது தடத்தின் கடினத்தோடு ஓட்டுநருக்கு வேண்டிய உடல் வலுவையும் சேர்த்தே சொல்கிறது. எஸ் எண் பாதையின் தொழில்நுட்பக் கடினத்தை மட்டும், அதுவும் உலர்ந்த நிலையில், சொல்கிறது. அளப்பவை வேறாக இருக்கையில் நிகர் காண்பது எப்படி?

மறுமொழி 3:

நீங்கள் வழக்கமாக இறங்கும் அந்தக் கருப்புத் தடம் இயந்திரத்தால் அமைத்த ஜம்ப் தடமா, அதாவது சைக்கிளோடு தாவிப் பறப்பதற்கான மேடுகள் கொண்டதா? அப்படியானால் விடை அங்கேயே இருக்கிறது என்பது என் கருத்து. மேடை போன்ற தட்டையான மேற்பரப்புள்ள டேபிள்டாப் ஜம்ப்களில் பறக்காமலே சக்கரம் தரையை விட்டு எழாதபடி உருண்டு போய்விடலாம். அத்தடத்தின் கடினம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேகத்தில்தான் வெளிப்படும். வேர்கள் பின்னிய ஒற்றையடிப் பாதையில் அந்தத் தேர்வு இல்லை. மெதுவாகப் போனாலும் வேர் வேர்தான், பல இடங்களில் மெதுவாகப் போவதே சமநிலையைக் கெடுக்கும். விழுந்த அன்று மழை பெய்திருந்ததா?

வினவியவர்:

ஆம், முந்தின இரவு பெய்திருந்தது. கருப்புத் தடமும் நீங்கள் சொன்னது போன்றதுதான். அதன் ஜம்ப்களில் பாதிக்கு மேல் நான் உருண்டே கடந்திருக்கிறேன். இதுவரை அதை ஒரு வேறுபாடாக எண்ணியதில்லை.

மறுமொழி 3:

பலகையிலுள்ள நிறம் மழைக்குப் பின் மாறுவதில்லை; ஈர வேரின் மீது பிரேக் பிடித்தபடி கைப்பிடியைத் திருப்பினால் டயருக்குப் பிடிமானமே இருக்காது. புதிய இடத்துக்குச் சென்றால், வழக்கமாக ஓட்டும் நிறத்துக்கு ஒரு படி கீழே தொடங்கி அவ்வட்டாரத்தின் அளவுகோலை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இறக்கத்தை வேகமின்றி, ஐயமான இடங்களில் இறங்கி நடந்து பார்த்தே முடியுங்கள். நன்கு திட்டமிட்ட தடங்கள் பலவற்றில், கடினமான தடைகளுக்கு மாதிரியாக ஒன்றை நுழைவிலேயே வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும் பழக்கம் பலருக்கு உண்டு, அதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அதைத் தாண்ட இயலவில்லையென்றால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். கீழே போன பிறகு பல தடங்களில் வெளியேற வழி இருக்காது.