உதவி: கரையேறிய எல்எஸ்டி, பின்பக்கம் அந்தரத்தில் நிக்குது

பசைவிரல்: அவசரம். எல்எஸ்டியை (டாங்கிகளைக் கரையில இறக்குற ரெண்டாம் உலகப்போர் கப்பல்) மணல்ல ஏத்தி டயோராமா (காட்சி மாடல்). மூக்கு உட்காருது, பின்பக்கம் அந்தரம். சரிவுக்கு ஏத்தபடி சாய்ச்சா கப்பல் வானத்தைப் பார்க்குது. ஞாயிறு கடல் தண்ணிக்கு ரெசின் ஊத்தணும்.

தூரிகை: ஸ்கேல் என்ன? சரிவு எவ்வளவு? எந்தக் கரை? போட்டோ போடுங்க.

ஸ்டைரீன்ராஜா: ஹல் (கப்பலோட உடல்) வளைஞ்சிருக்கும். டெக்கை ஒரே மூச்சுல ஒட்டினா வாழைப்பழம் மாதிரி ஆயிடும். கண்ணாடி மேல வச்சு, அடியில ஒரு தாள் நுழையுதான்னு பாருங்க.

பசைவிரல்: 1/350. ஹல் நேராத்தான் இருக்கு. சரிவு 8க்கு 1. நார்மண்டி, 1944 படையிறக்கம். பலகை 40 செ.மீ.

நங்கூரம்: கப்பல் எப்படிக் கரையேறும்னு படிச்சுட்டு பிளாஸ்டர் கலக்கணும் தம்பி. எல்எஸ்டியோட அடிப்பாகம் 50க்கு 1 சரிவுக்குன்னே வரைஞ்சது. 500 டன் சரக்கோட கரையேறும்போது முன்னால 3 அடி 11 அங்குலம், பின்னால 9 அடி 10 அங்குலம் தண்ணில இருக்கும். உங்க ஸ்கேல்ல 3.4 மி.மீ., 8.6 மி.மீ. ஹல் 28.6 செ.மீ.; முனைக்கு முனை 5 மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். 8க்கு 1ன்னு நீங்க வச்சிருக்கிறது 36 மி.மீ.! அந்த ஆழத்தையும் ஒரே ஊத்தல்ல நிரப்பினா ரெசின் சூடேறி ஹல் நெளியும். 3 மி.மீ. அடுக்கா ஊத்துங்க, ஒவ்வொண்ணும் இறுகின பிறகு அடுத்தது.

தூரிகை: இன்னொரு சிக்கல் இருக்கு. மூக்குல 3.4 மி.மீ. தண்ணின்னா, 50க்கு 1 சரிவுல உலர்ந்த மணல் 17 செ.மீ. தள்ளித்தான் ஆரம்பிக்கும். நிஜத்துல 60 மீட்டர். சிசிலில 1943ல பாண்டூன் பாலம் (மிதவைப் பாலம்) போட்டதே இதுக்குத்தான். 40 செ.மீ. பலகை பத்தாது. நார்மண்டிதானே, ஓதம் வடிஞ்ச (கடல் தண்ணி இறங்கின) கரையா காட்டுங்க. ரெசினே வேண்டாம்.

ஸ்டைரீன்ராஜா: தரைதட்ட விட்டா முதுகெலும்பு முறியும்னு கடற்படையே பயந்துச்சு. முதல்ல கப்பலைக் கடல்லயே நிறுத்தி, ரைனோங்கிற மோட்டார் தெப்பத்துலதான் சரக்கை இறக்கினாங்க.

நங்கூரம்: பயந்தது உண்மை, முறிஞ்சது இல்ல. தட்டை அடி, தாங்குச்சு. 1944 ஜூன்லயே நார்மண்டியோட ஒமாஹா கரையில வரிசையா மணல்ல உட்கார்ந்த படங்கள் இருக்கு.

ஸ்டைரீன்ராஜா: எல்லாக் கரையும் ஒரே மாதிரியா? மேடுபள்ளம் இருந்தா தகடு நெளியும். அதைத்தான் சொல்றேன்.

தூரிகை: ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்க. பசைவிரல், என்ன மணல் போட்டீங்க?

பசைவிரல்: சலிச்ச ஆத்து மணல்.

தூரிகை: எடுத்துடுங்க. அரை மி.மீ. பரல் இந்த ஸ்கேல்ல 17 செ.மீ. பாறை. டைல்ஸ் கிரவுட் பொடியைத் தண்ணி கலந்த ஃபெவிகால் மேல தூவுங்க. காய்ஞ்சதும் ஈரம் தெரிய வேண்டிய இடத்துல மட்டும் பளபளப்பு (கிளாஸ்) வார்னிஷ்.

பசைவிரல்: பிளாஸ்டரைச் சுரண்டியாச்சு. ஓதம் வடிஞ்ச கரைதான். நன்றி.

நங்கூரம்: அப்போ ரெண்டு புரொப்பெல்லர், ரெண்டு சுக்கான் வெளியே தெரியும். ஒட்டுறதுக்கு முன்னாடியே பெயிண்ட் அடிச்சுடுங்க, பிறகு தூரிகை நுழையாது. பின் நங்கூரக் கேபிளை விடாதீங்க. கரையேறும் முன்னாடியே கடல்ல போட்டுட்டு வர்றது, திரும்பும்போது கப்பலைப் பின்னால இழுத்துக்க. மோட்டார் காயில்ல இருந்து 0.1 மி.மீ. செம்புக் கம்பி எடுங்க. மணல்மேல தொய்வா கிடக்கணும்.