சங்கத்தில் சேரலாமா: 1942 ஒலிப்பதிவு மறுப்பைப் பற்றி

நரம்பிசை: “சங்கத்தில் சேரும் வாத்தியக் கலைஞர் தம் பிழைப்பைத் தாமே கெடுத்துக்கொள்கிறார், 1942இல் அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு என்ற தொழிற்சங்கம் ஒலிப்பதிவை மறுத்ததே சான்று” என்று தனித்தாளம் நேற்று எழுதியிருப்பதைப் படித்த பின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. கலைஞர் ஒருமுறை வாசித்து ஒருமுறை மட்டும் கூலி பெற்ற இசைத்தட்டை, வானொலி நிலையங்களும் காசு போட்டால் பாடும் பெட்டிகளும் ஓயாமல் ஒலிக்கவிட்டு, நேரில் வாசிப்பவரின் வேலையைப் பறித்துக்கொண்டிருந்ததால்தான் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் உறுப்பினர்கள் பதிவுக்கூடங்களுக்குப் போக மறுத்தார்கள். இசைத்தட்டு நிறுவனங்களில் டெக்கா 1943இலும், ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும் பணிந்து, விற்கும் தட்டுகளுக்கு ஒரு தொகையைச் சங்க நிதிக்குத் தர ஒப்புக்கொண்டன. இதில் கெட்டது யாருடைய பிழைப்பு?

தனித்தாளம்: வாத்தியக்காரர்களின் பிழைப்புத்தான். பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால், வாத்தியமே இல்லாமல் குரல்குழுவின் துணையோடு பாடிப் பதிவு செய்தார்கள். அந்த 27 மாதங்களில் மக்களின் காது பாடகர்களுக்குப் பழகிவிட்டது. பெரிய இசைக்குழுக்கள் பின்வரிசைக்குப் போயின. இதைச் சொல்லாமல் வெற்றி முழக்கம் செய்வது உங்கள் பழைய வழக்கம்.

நரம்பிசை: பெரிய குழுக்களைச் சரித்தது போர். இளைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டார்கள். பெட்ரோலும் டயரும் பங்கீட்டில் கிடைத்ததால் ஊர் ஊராகப் போய் வாசிப்பது அரிதாயிற்று. 1944இல் கேளிக்கைக் கூடங்களுக்கு 30 விழுக்காடு வரி வந்தது. இத்தனையையும் விட்டுவிட்டு 27 மாதங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நேர்மையான வாதம் அன்று.

தனித்தாளம்: வரியும் டயரும் பாடகர்களுக்கும் இருந்தனவே? அவர்கள் மட்டும் எப்படி வளர்ந்தார்கள்? அந்த 27 மாதங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.

சுருதிப்பெட்டி: அதே கூட்டமைப்பு பல நகரங்களில் கறுப்பினக் கலைஞர்களைத் தனிக்கிளையில் ஒதுக்கி வைத்திருந்ததைப் பற்றி இருவருமே பேசவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ளையரின் 47ஆம் கிளையும் கறுப்பினத்தவரின் 767ஆம் கிளையும் 1953இல்தான் இணைந்தன. எல்லோருக்கும் காப்பு என்று பேசுபவர்கள் முதலில் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

நரம்பிசை: அது வெட்கக்கேடு; மறுக்கவில்லை. ஆனால் அந்த இணைப்புக்காகப் போராடியவர்கள் இரு கிளைகளிலும் இருந்த உறுப்பினர்களே அன்றி, வெளியே நின்று சந்தாக் கணக்குப் பார்த்தவர்கள் அல்லர். விலகியே இருப்பவருக்கு வாக்கும் இல்லை, திருத்தும் உரிமையும் இல்லை. தனித்தாளத்துக்கு மீண்டும் சொல்கிறேன்: அன்று பெற்ற நிதியிலிருந்து, மக்கள் கட்டணமின்றிக் கேட்ட நிகழ்ச்சிகளில் வாசித்தவர்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அந்த நிதியைச் சங்கமே நடத்துவதைத் தடுத்தபோது, மறு ஆண்டே தனி அறங்காவலரின் பொறுப்பில் அது மீண்டும் அமைக்கப்பட்டது. தோற்றவர்கள் இப்படி ஒரு நிதியை வாங்க முடியுமா?

தனித்தாளம்: நிதி கிடைத்தது பிறகு, வேலை போனது முன்பு. என் கூலியை நானே பேசி வாங்குகிறேன். உறுப்பினர் அல்லாதவரோடு வாசிக்கக் கூடாது என்று எனக்கு ஆணையிட ஒரு செயலாளர் தேவையில்லை.

நரம்பிசை: நீங்களே பேசி வாங்குங்கள், ஆனால் நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டுப் பேசிய தொகையைத் தர மறுக்கும் ஏற்பாட்டாளரிடம் தனியாளின் கடிதம் குப்பைக்குப் போவதையும், சங்க வழக்கறிஞரின் கடிதத்துக்கு உடனே பதில் வருவதையும் நான் பட்டு அறிந்தவன். ஒத்திகைக்கும் பயணத்துக்கும் தனி ஊதியம் உண்டு என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தை எந்த ஏற்பாட்டாளரும் தாமாக நீட்டுவதில்லை. பதிவுக்கூடத்தில் வாசித்ததற்குப் பிற்பாடு வரும் பங்கைப் பற்றிச் சென்ற முறை கேட்டபோதும் நீங்கள் பதில் சொல்லாமல் விலகிப் போனீர்கள்.

தனித்தாளம்: விலகவில்லை; உங்கள் நீளத்துக்கு ஈடுகொடுக்க எனக்கு நேரம் இல்லை. அந்த 27 மாதங்களில் பதிவுக்கூட வருமானம் இழந்த வாத்தியக்காரருக்கு யார் ஈடு செய்தார்கள்?

சுருதிப்பெட்டி: என் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். தனிக்கிளையில் இருந்தவருக்கு அதே வேலைவாய்ப்பு இருந்ததா?

நரம்பிசை: அதைத் தனியாகப் பேசுவோம். தனித்தாளமே, தட்டு நிறுவனங்கள் தாமாகவே அந்தத் தொகையைக் கொடுத்திருக்கும் என்று நம்புகிறீர்களா, இல்லையா?

தனித்தாளம்: முதலில் 27 மாதங்களுக்குப் பதில் சொல்லுங்கள்.