ஸ்டூல் போட்டும் யாரும் உட்காரவில்லை, என்ன செய்யலாம்?

மதுரைக்காரன்:
ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷனுக்கு சூப்பர்வைசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது. கூட்டமே இல்லாத மத்தியானத்தில்கூட ஒரு பெண்ணும் உட்காருவதில்லை. “உட்காருங்கம்மா” என்றால் “பரவாயில்ல சார்” என்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

குமார்_77:
ஒரு நாள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுங்கள் பாஸ்.

சேலைக்கடை அக்கா:
தம்பி, தீபாவளி வியாபாரம் முடிந்தால் பிரியாணி எல்லாக் கடையிலும் வரும். சாப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

ஸ்டூலில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து போன் வரும். அந்த போனில் நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று பார்க்கத்தான் அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். “நான்தான் உட்காரச் சொன்னேன்” என்று அவர்கள் காதுபடச் சொல்லுங்கள்.

நான் கவுன்ட்டரில் நின்ற காலத்தில், ஒரு குடும்பம் கல்யாணப் புடவை என்று மேஜை முழுக்க விரிக்கச் சொல்லிவிட்டு, “சுத்திப் பாத்துட்டு வர்றோம்” என்று கிளம்பும். அவர்கள் படி இறங்குவதற்குள் எங்கள் சூப்பர்வைசர் “ஏன் விட்டே?” என்று வந்து நிற்பார். அவருக்கு அப்புறம் வந்த அண்ணன் எதுவும் கேட்கமாட்டார். உள்ளே வந்து புடவையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்துவிடுவார். மடிக்கவும் சரியாக வராது, முந்தி உள்ளே போய்விடும். அவர் நகர்ந்ததும் பிரித்துத் திரும்ப மடிப்போம். ஆனால் கறை பட்ட புடவையை அவரிடம்தான் முதன்முதலாக நாங்களாகவே கொண்டுபோய்க் காட்டினோம். அதுவரை சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று அடியில் சொருகி வைப்பதுதான் வழக்கம்.

இன்னொன்று, பாத்ரூம் போக உங்களிடம் கேட்கவேண்டும் என்றிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆம்பிளையிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

மதுரைக்காரன்:
பாத்ரூம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. நாளைக்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் போனில் அப்படிப் பேசினால் என் வேலைக்கே வேட்டு வைத்துவிடமாட்டார்களா?

வக்கீல் குமாஸ்தா:
சட்டம் உங்கள் பக்கம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் இதற்காகவே திருத்தம் கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது. நாள் முழுக்க நின்றபடியே இருக்கக் கூடாது, வேலைக்கு நடுவே நேரம் கிடைக்கும்போது உட்கார வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஸ்டூலைக் காட்சிக்கு வைத்தால் போதாது.

சேலைக்கடை அக்கா:
எடுத்தவுடன் சட்டம் பேசினால் முறைப்பார்கள் தம்பி. “உட்கார்ந்து எழுந்தால் சாயங்காலக் கூட்டத்துக்கு முகம் சுளிக்காமல் நிற்பார்கள்” என்று வியாபாரக் கணக்காகவே சொல்லுங்கள். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் பேசிவிட வேண்டும், அப்புறம் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். ஆமாம், உங்கள் கடையில் கேமரா பார்ப்பது முதலாளியா, மேனேஜரா?