ரெட்டை வீல் கேரவன்: உள் டயரில் மட்டும் காத்து இறங்குது, காரணம் வால்வா எக்ஸ்டென்ஷனா?

அஸ்தம்பட்டி வேன்:
பின்னாடி ரெட்டை டயர் போட்ட கேரவன். டியூப்லெஸ், 80 பவுண்டு. உள் டயர் ரெண்டுலயும் வாரத்துக்கு 8, 10 பவுண்டு குறையுது. வெளி டயர் அப்படியே நிக்குது. பஞ்சர் கடைத் தொட்டியில முக்கியாச்சு, ஒரு குமிழி வரல. உள் வால்வுல, வெளியிலிருந்தே காத்து அடிக்க, வளையற ரப்பர் எக்ஸ்டென்ஷன் இருக்கு. ஏற்காடு ஏறணும், எதை முதல்ல பார்க்கறது?

சங்ககிரி டயர்:
முக்கும்போது எக்ஸ்டென்ஷனைக் கழட்டியிருப்பாங்க. அப்போ டயர், டிஸ்க் (டயர் உட்கார்ற இரும்புச் சக்கரம்), வால்வு அடி எல்லாம் சரி. சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேலதான்.

இந்த மாதிரி எக்ஸ்டென்ஷனை மாட்டினா அது உள்ளே இருக்குற வால்வு பின்னை (காத்தை அடைக்கிற சின்ன உள் பாகம்) எப்பவும் அமுக்கிட்டே இருக்கும். அதாவது அசல் வால்வு திறந்தே கிடக்கும். காத்தைப் பிடிக்கறது இணைப்புல இருக்குற சின்ன வாஷரும் நுனியில இருக்குற பின்னும்தான். மூடியைக் கழட்டி நுனியில சோப்புத் தண்ணி விட்டு ஒரு நிமிஷம் பொறுங்க. மெதுவா ஒரு குமிழி ஊதினாலும் பின்னை மாத்திடுங்க. எச்சில் வெச்சுப் பார்க்கறது இவ்வளவு சின்னக் கசிவுக்குப் பத்தாது. அடுத்து இணைப்பு, அப்புறம் எக்ஸ்டென்ஷனோட ஹோஸ் நெடுக. வெளி டிஸ்க் ஓட்டையோட விளிம்புல ஹோஸ் உரசின தடம் இருக்கான்னு விரலால தடவுங்க. வண்டி ஓடும்போது ஹோஸ் வெளிப்பக்கம் வீசும், கிளிப் போட்டுக் கட்டலன்னா அறுந்துடும்.

பின்னை முறுக்கும்போது கைபலம் காட்ட வேண்டாம், சீல் வெட்டிக்கும்.

என்னைக் கேட்டா ரப்பர் எக்ஸ்டென்ஷனே வேண்டாம். டயரைக் கழட்டும்போது வெளி டிஸ்க் ஓட்டை வரைக்கும் நீளமான பித்தளை வால்வு போட்டுடுங்க, ரப்பர் வாஷர் புதுசா. மூடியும் உள்ளே ரப்பர் வெச்ச உலோக மூடியா இருக்கட்டும்.

ஐந்து ரோடு:
ஒண்ணு சேர்த்துக்கறேன். கார்ல வர்ற மாதிரி இழுத்து மாட்டற சாதா ரப்பர் வால்வுக்கு வரம்பு 65 பவுண்டு. 80க்கு நட்டு போட்டு இறுக்கற உலோக வால்வுதான்.

மாட்டும்போது ரெண்டு வால்வும் எதிரெதிரா, அரை வட்டம் தள்ளி வரணும். காத்து அளக்கற கேஜ் ரெண்டு தலை வெச்ச லாரி கேஜா வாங்குங்க. ஜோடிக்குள்ள 5 பவுண்டுக்கு மேல வித்தியாசம் கூடாது: காத்து குறைஞ்ச டயர் ஒதுங்கிக்கும், பாரம் முழுக்கப் பக்கத்து டயர் தலையில விழும். லிவரால தட்டிப் பார்த்தா 15 பவுண்டு குறைஞ்சது காதுக்குத் தெரியாது.

அஸ்தம்பட்டி வேன்:
மலை மேல போய் ஒரு தடவை சரி பண்ணணுமா?

சங்ககிரி டயர்:
வேண்டாம். உயரத்துக்கு கேஜ் 2 பவுண்டு கூடக் காட்டும், குளிர் அதைக் குறைச்சிடும். காலையில சேலத்துலயே, வண்டியை நகர்த்தும் முன்னாடி பாருங்க. இறங்கி வந்ததும் உள் டயர் கூடுதலாத்தான் காட்டும், பிரேக் டிரம் சூடு. அப்போ காத்தைப் பிடுங்கிடாதீங்க.