'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்': உத்திகளையெல்லாம் எழுதியும் மதிப்பெண் வரவில்லை, எப்படிப் படிப்பது?

கோட்டையூர் மாணவி:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இந்த செமஸ்டரில் அமெரிக்க இலக்கியம். ராபர்ட் ஃப்ராஸ்டின் 'மெண்டிங் வால்', எமிலி டிக்கின்சனின் 'பிகாஸ் ஐ குட் நாட் ஸ்டாப் ஃபார் டெத்', ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' மூன்றும் பாடம்.

இன்டர்னலில் நாடகத்துக்கு நாலு பக்கம் எழுதினேன். சிம்பல் (குறியீடு), ஃப்ளாஷ்பேக், ஐரனி (முரண்நகை), மோட்டிஃப் (திரும்பத் திரும்ப வரும் படிமம்) என்று கைடில் இருந்த எதையும் விடவில்லை. பதினைந்துக்கு ஐந்து. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஸோ வாட்?' என்று மட்டும் எழுதியிருந்தது. அன்றைக்கு முழுக்க அழுகையாக வந்தது.

ஏனென்றால் அந்த நாடகம் எனக்கு நிஜமாகவே வலித்தது. என் அப்பா இங்கே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை நிலைக்கதவைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டி வருவார். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். நாடகத்தின் கடைசியில் லிண்டா தன் கணவர், சேல்ஸ்மேன் வில்லியின் கல்லறை முன்னால், வீட்டுக்கடனின் கடைசித் தவணையை இன்றைக்குக் கட்டிவிட்டேன், ஆனால் வீட்டில் இருக்க ஆள் இல்லையே என்கிறாளே, அங்கே என்னால் மேலே படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இதில் ஒரு வரிகூட என் விடைத்தாளில் இல்லை. இதை உத்தி, தீம் என்று எப்படி எழுதுவது?

தேவகோட்டை ரிட்டயர்டு டீச்சர்:

ஆத்தா, நீ புத்தகத்தை மூடிய இடத்திலிருந்துதான் விடையைத் தொடங்கணும். உத்தியின் பெயர் அப்புறம் தானாக வரும்.

காலுறையை எடுத்துக்கொள். லிண்டா பழைய காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்ததும் வில்லிக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று அப்போது நமக்கு முழுசாகப் புரியாது. பிறகு பாஸ்டன் ஹோட்டல் அறையில் வேறொரு பெண் தனக்குத் தருவதாகச் சொன்ன புதுக் காலுறைகளைக் கேட்டு நிற்கிறாள், மகன் பிஃப் பார்த்துவிடுகிறான். அம்மாவின் காலுறையை அவளுக்குக் கொடுத்துவிட்டாயே என்று கத்துகிறான். 'காலுறை ஒரு சிம்பல்' என்று எழுதினால் 'ஸோ வாட்?'தான் வரும். யார் கையில் இருக்கிறது, யார் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுது.

ஃப்ளாஷ்பேக் என்ற சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நான் பாடம் நடத்தியபோது வகுப்புத் தரையில் வில்லியின் வீட்டைச் சாக்பீஸால் கோடு போடுவேன். நிகழ்காலக் காட்சியில் பிள்ளைகள் வாசல் வழியாகச் சுற்றித்தான் வரணும். பழைய காலம் வந்தால் கோட்டைத் தாண்டி நடக்கலாம். இது நான் கண்டுபிடித்ததில்லை, மில்லரே மேடைக்குறிப்பில் எழுதியது. ஒரு வருஷம் சீட்டாட்டக் காட்சி. வில்லி எதிரே இருக்கும் பக்கத்துவீட்டு சார்லியோடும் பேசணும், அங்கே இல்லாத அண்ணன் பென்னோடும் பேசணும். வில்லியாக நடித்த பெண் கோட்டின் மேலேயே நின்று, "டீச்சர், நான் இப்போ உள்ளே இருக்கேனா வெளியே இருக்கேனா?" என்று கேட்டாள். வில்லிக்கும் அதுதான் தெரியவில்லை. 1949இல் மேடையேறிய இந்த நாடகத்துக்கு மில்லர் முதலில் நினைத்திருந்த தலைப்பே 'தி இன்சைட் ஆஃப் ஹிஸ் ஹெட்'. பழையது திரும்பி வரவில்லை, இப்போதும் கூடவே ஓடுகிறது.

இன்னொன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களை நம் பக்கத்தில் 'கொண்டு விற்கப் போனார்' என்பார்கள். என்ன தொழில், எந்த ஊர்க் கடை என்று கணக்காகச் சொல்வார்கள். புரூக்ளினிலிருந்து நியூ இங்கிலாந்து வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் வில்லி என்ன விற்கிறார் என்று நாடகம் கடைசி வரை சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் எழுதிப் பார்.

கண்டனூர்க்காரன், சிங்கப்பூர்:

டீச்சர் நாடகத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் டிக்கின்சனுக்கு மட்டும். தங்கச்சி, 'மரணம்' என்பது தீம் இல்லை, அது பேசுபொருள். மரணத்தைப் பற்றிக் கவிதை என்ன சொல்கிறது என்பதுதான் தீம். இங்கே மரணம் அவசரமே படாமல், மரியாதையாக வண்டியில் வந்து அழைத்துப் போகிறது. அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது.

வாய்விட்டுப் படியுங்கள். புதைகுழியை வீடு என்று சொல்லும் பத்தியில் 'கிரவுண்ட்' என்ற சொல்லுக்கு எதுகையாக அதே 'கிரவுண்ட்' வரும். அதற்கு மேல் போக இடமில்லை என்பது காதிலேயே விழும். உங்கள் புத்தகத்தில் 'மவுண்ட்' என்று இருந்தால் அது 1890இல் முதலில் அச்சிட்டவர்கள் மாற்றிய பாடம். டிக்கின்சன் இறந்தது 1886இல், அதனால் கேட்கவும் முடியாது.

கோட்டையூர் மாணவி:

ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணே. என் புத்தகத்தில் 'கிரவுண்ட்' தான் இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன்.

நேற்று அப்பாவோடு அந்த வீட்டுக்குப் போய், வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்து 'மெண்டிங் வால்' படித்தேன். இரண்டாம் கட்டில் பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது குறுக்கே எழுப்பிய சுவர் ஒன்று இருக்கிறது. மழைக்காலம் முடிந்தால் காரை பெயர்ந்துவிடும். அந்தப் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அப்பாதான் போய்ச் சொல்வார், இரண்டு பேரும் சேர்ந்து பூசுவார்கள். அது ஞாபகம் வந்ததும் கவிதையில் ஒன்று கண்ணில் பட்டது. என் ஆப்பிள் மரம் போய் உன் பைன் காயைத் தின்னப்போகிறதா, சுவர் எதற்கு என்று கேட்கிறவன்தான் வசந்தத்தில் பக்கத்துவீட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சுவர் வேலையைத் தொடங்குகிறான்! நாலைந்து முறை படித்தும் இதை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்துவீட்டுக்காரனாவது, 'நல்ல வேலி நல்ல அண்டைவீட்டாரை உண்டாக்கும்' என்று தன் அப்பா சொன்ன வாக்கியத்தையே இரண்டு தடவை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறான்.

'சுவர் வேண்டாம் என்று பேசுகிறவனே சுவர் கட்ட ஆள் கூப்பிடுகிறான்' என்று விடையின் முதல் வரியாக எழுதலாமா டீச்சர்?

தேவகோட்டை ரிட்டயர்டு டீச்சர்:

எழுது ஆத்தா. கீழேயே அவன் கூப்பிடும் வரியை மேற்கோளாகப் போடு. சிம்பல், ஐரனி எல்லாம் மூன்றாவது வரியில் வந்தால் போதும்.