புதிதாகத் திருமணமானவர்கள் சேர்ந்து என்ன புதிதாக முயன்றீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

திருமணமான புதிதில் பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கே சுற்றிப் பார்த்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். போன இடங்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது எங்கள் நீச்சல் வகுப்பைப் பற்றி. எனக்கும் நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்தான் "சேர்ந்து போலாமா?" என்று கேட்டார். சரி என்றேன்.

முதல் பாடமே கை கால் அடிப்பதாக இருக்கும் என்று நினைத்துப் போனால், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடச் சொன்னார்கள். மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்தால், தலையைத் தூக்கிய அந்த ஒரு நொடியில் பழைய மூச்சை விடவும் வேண்டும், புது மூச்சை இழுக்கவும் வேண்டும், நேரம் போதாமல் திணறிப்போவோம். உள்ளே இருக்கும்போதே குமிழி குமிழியாக விட்டுவிட்டால் வெளியே வந்ததும் இழுத்தால் மட்டும் போதும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் உடம்பு அதை நம்புவதற்கு நாள் பிடிக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று முகத்தை உள்ளே வைப்போம், யார் முதலில் எழுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்போம்.

அடுத்தது மல்லாந்து மிதப்பது. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒருவர் மிதக்க வேண்டும், இன்னொருவர் தலைக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தாங்க வேண்டும், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்பார். பயத்தில் தலையைத் தூக்கினோம் என்றால் இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும். தலையைப் பின்னால் சாய்த்துக் காது நனையும்வரை தண்ணீரில் விட்டு, நெஞ்சு நிறையக் காற்றை வைத்திருந்தால் உடம்பு மேலே நிற்கும். ஆனால் காது தண்ணீருக்குள் போய்விட்டதால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது சரியாகக் கேட்காது. அதனால் தோளில் இரண்டு முறை தட்டினால் கையை எடுக்கப் போகிறேன் என்று அர்த்தம் என எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வேண்டாம் என்றால் அவர் கையைப் பிடித்துவிட வேண்டும். அவர் தட்டினார். நான் பிடிக்கவில்லை. முதலில் இடுப்பிலிருந்த கை விலகியது, அப்புறம் தலைக்கு அடியில் இருந்ததும் விலகியது, நான் மிதந்துகொண்டிருந்தேன். எழுந்து நின்றபோது என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம். பிறகு நான் தாங்கினேன், அவர் மிதந்தார். இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பாரம் என் கையிலிருந்து தண்ணீருக்குப் போவதை என்னால் உணர முடிந்தது. கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் எவ்வளவோ பேசியிருக்கிறோம், ஆனால் இவரை நம்பலாம், இவருக்கு என் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று உடம்புக்கே தெரிந்தது அன்றைக்குத்தான்.

என் அனுபவத்தில் இதில் முக்கியமானது, இருவருக்கும் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்ததுதான். ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அவர் ஆசிரியர் ஆகிவிடுவார், மற்றவர் மாணவர் ஆகிவிடுவார், வீட்டுக்கு வந்த பிறகும் அது போகாது. இருவரும் ஒன்றும் தெரியாமல் நிற்கும்போதுதான் இவர் பயந்தால் எப்படி இருப்பார், வராத ஒன்றை விடாமல் முயலும்போது எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் தெரிகிறது. புது மணத்தில் இதைவிடத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு என்ன இருக்கிறது?

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்டது. தம்பதிகளின் கையையும் காலையும் ஒருவரோடு ஒருவர் சேர்த்துக் கட்டிவிட்டு, இருவர் உடம்புக்கும் நடுவே ஒரு தலையணையைக் கையில் பிடிக்காமல் தாங்கிக்கொண்டு மெத்தை விரிப்பின் மேல் தவழ்ந்து போகச் சொன்னார்கள், வழியில் ஒரு தடையையும் தாண்ட வேண்டும். வேறு சில தம்பதிகளுக்கு ஒரு பந்தை மெதுவாக உருட்டும் சாதாரண வேலை. புதுமையான வேலையைச் செய்தவர்கள்தான் முடிந்த பிறகு தங்கள் உறவைப் பற்றி அதிக நிறைவாகச் சொன்னார்கள். எல்லாம் சில நிமிட விளையாட்டு. இதைப் படித்ததும் அவரிடம் காட்டினேன். "நம்ம மிதக்கிறது இதைவிடக் கஷ்டம்" என்றார்.

இன்னொன்று 2003-இல் வந்தது. ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கேட்ட கணக்கெடுப்பை வைத்துப் பார்த்ததில், திருமணத்தை ஒட்டி மனநிறைவு கொஞ்சம் உயர்கிறது, பிறகு சராசரியாகப் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. படித்ததும் எனக்கு மனசு கொஞ்சம் கனத்துத்தான் போனது. ஆனால் அதே ஆய்வு, ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்கிறது, சிலர் உயர்ந்த இடத்திலேயே நிற்கிறார்கள் என்றும் சொல்கிறது. சராசரி என்பது எல்லாரையும் சேர்த்து வகுத்து வருவதுதானே, என் வீட்டுக்கு அதுதான் விதி என்று நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

வகுப்பு இல்லாத நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாழ்க்கை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. துணி மடிப்பது, வீட்டைக் கூட்டுவது, வேலை முடிந்து அசதியாக உட்கார்வது. அவர் ஜன்னல் ஓரம் நின்று "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிடுவார், பெரும்பாலும் ஒரு மேகமாகத்தான் இருக்கும். நான் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். நான் "என்னங்க, இதைக் கேளுங்களேன்" என்றால் அவரும் போனைக் கீழே வைத்துவிடுவார். ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் புதுமணத் தம்பதிகளின் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கூப்பிடல்களைத்தான் கவனித்தார். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் நூற்றுக்கு 86 முறை துணையின் கூப்பிடலுக்குத் திரும்பிப் பார்த்தவர்களாகவும், பிரிந்துபோனவர்கள் 33 முறைதான் திரும்பியவர்களாகவும் இருந்தார்களாம். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு நாங்கள் பார்ப்பதில்லை. அந்த மேகம் நிஜமாகவே நன்றாக இருக்கும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

நீச்சல் அனுபவம் எழுதிய சகோதரிக்கு நன்றி, அந்தத் தோளில் தட்டும் இடத்தை மனைவியிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர் கற்றுக்கொள்வதிலும் தனி இன்பம் இருக்கிறது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, சின்ன வயதில் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு மனைவிதான் கற்றுக்கொடுத்தாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெடல் இரண்டையும் கழற்றிவிட்டாள்! சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிற மாதிரி வைத்து, காலால் உந்தி உந்தி உருட்டச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் காலைத் தூக்கி வைத்துச் சறுக்கிக்கொண்டு போகப் பழகிய பிறகுதான் பெடலை மாட்டினாள். சமநிலை முதலில் வந்துவிட்டால் மிதிப்பது பெரிய வேலையே இல்லை. "சக்கரத்தைப் பாக்காத, போற இடத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். உண்மைதான், கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகிறது.

அவளுக்குள் இப்படி ஒரு பொறுமை இருப்பது எனக்கு அதற்கு முன்னால் தெரியவே தெரியாது. இப்போது விடுமுறை காலைகளில் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பிவிடுகிறோம், எங்கே என்று முடிவு செய்வதில்லை. தெரிந்தவர் கற்றுக்கொடுக்கும்போது கேலி செய்யாமல் இருந்தால் போதும், ஆசிரியர் மாணவர் என்ற பிரிவெல்லாம் வராது என்பது என் அனுபவம்.

*

இரண்டு பேர் அனுபவமும் அருமை. என் கணவருக்குக் கூட்டமே ஆகாது, வகுப்பு என்று சொன்னாலே முகம் மாறிவிடும். அப்படிப்பட்டவர்களும் இங்கே படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் மொட்டை மாடியை விட்டு எங்கேயும் போகவில்லை. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒரு தடவை போன் வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் போனைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் மேலே போவோம், எங்களுக்கு அதுவே பெரிய விஷயம். பாயில் படுத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம், பேசவும் செய்யலாம். பகலில் ஒரு வார்த்தை பேசாதவர் இருட்டில் தன் பள்ளிக்கூட நாட்களை எல்லாம் சொன்னார்.

சாதாரண பைனாகுலர் ஒன்றைச் சுவரில் அழுத்தி ஆடாமல் பிடித்துக்கொண்டு வியாழனைப் பார்த்தால், பக்கத்தில் ஒரே வரிசையில் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலாக்கள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும், சில நாள் ஒன்றிரண்டு குறையும். நேற்று எங்கே இருந்தது என்று நாங்கள் ஒரு நோட்டில் வரைந்து வைக்கிறோம், புள்ளி வைப்பது அவர், தேதி எழுதுவது நான்.

சர்வதேச விண்வெளி நிலையத்தையும் பார்க்கலாம், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிறது. சூரியன் மறைந்த சிறிது நேரத்திலோ விடியலுக்குச் சற்று முன்போ, நமக்கு இருட்டாகவும் அதன் மேல் வெயில் படும்படியும் இருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். விமானம் மாதிரி மினுக்காது, நிதானமாக ஒரே ஒளியாகப் போகும், சில நாள் நடுவானிலேயே பூமியின் நிழலுக்குள் போய்ச் சட்டென்று மறைந்துவிடும். 2000 நவம்பரிலிருந்து அதில் ஆள் இல்லாத நாளே கிடையாது. அதைச் சொன்னதும் என் கணவர் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். எந்த ஊருக்கு எப்போது தெரியும் என்பதை நாசா "ஸ்பாட் தி ஸ்டேஷன்" என்ற சேவையில் சொல்கிறது. நேரம் குறித்துக்கொண்டு, அவர் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிற நாட்கள் உண்டு. இப்போது அத்தையும் எங்களோடு மாடி ஏறி வருகிறார், எங்களுக்கு முன்னால் அவர் கண்ணுக்குத்தான் அது தெரிகிறது.

*

நீச்சல் பதிவு எழுதியவள்தான் மறுபடியும். சைக்கிள் பற்றி எழுதிய சகோதரர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், கேலி இல்லாத இடத்தில் யார் கற்றுக்கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் முதல் தடவை எதையாவது தொடங்குகிறவர்களுக்கு, இருவருக்கும் தெரியாததையே நான் சொல்வேன்.

மொட்டை மாடித் தோழி, இன்று சாயங்காலமே விண்வெளி நிலையம் தெரியும் நேரத்தைத் தேடி எடுத்துவிட்டோம். நாளை விடிவதற்கு முன்னால் எங்கள் பக்கம் கடக்கிறது, அலாரம் வைத்தாயிற்று. அப்புறம் ஒரு கேள்வி. இவர் இசைக்கருவி ஏதாவது கற்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், எங்கள் இருவருக்கும் சுரம் கூடத் தெரியாது. தம்பதியாகச் சேர்ந்து தொடங்கியவர்கள் யாராவது இருந்தால், ஒரே கருவியை எடுத்தீர்களா, ஆளுக்கொன்றா, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் எந்த நேரத்தில் பழகினீர்கள் என்று எழுதுங்கள்.